குழாய்க்கு அம்மை போட்ட வாரம்

அம்மை முதலில் போட்டது குழாய்க்குத்தான். பங்குனி பிறந்து பத்தாம் நாள், வெள்ளிக்கிழமை, தண்ணீர் வரும் காலை ஆறு மணிக்கு, மதுரையில் கம்பிக்கேட் காம்பவுண்டு என்று பெயர்பெற்ற அந்தப் பதினோரு வீட்டுக்கும் பொதுவான பித்தளைக் குழாயைத் திறக்கப் போன வேலுத்தாய், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, குழாயின் கழுத்திலும் திருகிலும் கடுகு கடுகாகப் புடைத்திருந்த முத்துகளை எட்டி நின்று பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா வந்துருக்கா" என்று சொன்னாள். நாலு பிள்ளை பெற்று நாலுக்கும் அம்மை பார்த்தவள் அவள். இந்த விஷயத்தில் அவள் வாக்குக்கு மேல் வாக்கு கிடையாது.

ஒரு பிள்ளைக்கு வந்தால் அடுத்த பிள்ளைக்கும் வருமே, அதே மாதிரி மத்தியானத்துக்குள் குழாயிலிருந்து கேட்டுக்கும், கேட்டிலிருந்து மாடிப்படிக்கும், படியிலிருந்து பதினோரு கதவுகளுக்கும், உள்ளே உப்பு டப்பாவுக்கும் கேஸ் அடுப்புக்கும் மாத்திரை அட்டைக்கும், வெளியே நாலாம் வீட்டு முருகானந்தத்தின் டூவீலருக்கும் முத்து பரவிவிட்டது. இது எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மை வந்த வீட்டில் அதையா கேட்பார்கள்? எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் கேள்வி. கேட்டில் வேப்பங்கொத்து கட்டினார்கள், மிக்ஸிக்கு மஞ்சள் துணி போர்த்தினார்கள், ஃபிரிட்ஜை வேப்பிலையால் விசிறிவிட்டார்கள், டூவீலருக்கு இரண்டு இளநீரை வெட்டி ஊற்றினார்கள், காம்பவுண்டில் யாரும் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, கல்யாண வீட்டுக்கோ சாவு வீட்டுக்கோ போகக் கூடாது, கை படாமல் சாமான்களை எடுக்கத் துணியைச் சுற்றிக்கொள்ள வேண்டும் என்று வேலுத்தாய் சட்டம் போட்டாள். மாநகராட்சியிலிருந்து வந்த சுகாதார ஆள் குழாயைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு, மாடிப்படிக்குத் தடுப்பூசி போட முடியாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். மெக்கானிக் ஒருவன் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்தான். மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே வரிசையில் முத்துகள் நின்றன.

ஏழாம் வீட்டுப் பஞ்சவர்ணம் மட்டும் துணி சுற்றிக்கொள்ளவில்லை.

பஞ்சவர்ணத்துக்கு ஐம்பத்தொரு வயது. புருஷன் போனதிலிருந்து வாசலில் அடுப்பு வைத்து இட்லி அவிக்கிறாள், காலை ஆறரைக்கு முதல் ஈடு, ஒன்பதுக்குக் கடைசி ஈடு, பதினோரு வீட்டுக்கும் தெருவில் பாதிப் பேருக்கும் அவள் கை இட்லிதான். அவளுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓரத்திலிருந்து இருட்டு நெருங்கி வந்து, இப்போது வளையல் அகலத்துக்கு மட்டும் உலகம் மிச்சம் இருந்தது, அதுவும் பழைய கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல மங்கல். கண்ணாஸ்பத்திரியில், "போன பார்வை திரும்பாதும்மா, மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாத்தலாம்" என்று சொல்லி, ஒரு சீட்டு எழுதி ஆஸ்பத்திரியின் மாடி அறைக்கு அனுப்பினார்கள்.

மாடி அறையில் ஜெசிந்தா டீச்சர் இருந்தாள். இருபத்தெட்டு வயது, பிறவியிலேயே பார்வை கிடையாது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவள் மேஜையில் மணி சொல்லும் கடிகாரம், நாலாக மடியும் வெள்ளைக்கோல், தானே நூல் கோத்துக்கொள்ளும் ஊசி, டம்ளர் விளிம்பில் மாட்டினால் தண்ணீர் நிறைந்ததும் கீச்சென்று கத்தும் ஒரு சாமான் எல்லாம் இருந்தன. "இதெல்லாம் வாங்கலாம்க்கா, வாங்காமயும் சமாளிக்கலாம். சீனி டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, உப்புக்கு ரெண்டு. அடுப்புத் திருகில சிம் எங்க வருதோ அங்க ஒரு புளியங்கொட்டையை ஒட்டி வைங்க" என்றாள். அதற்கு அப்புறம்தான் பிரெயில் எழுத்தைத் தொடக் கொடுத்தாள். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று, ஆக ஆறு புள்ளி. அதில் எது இருக்கிறது, எது இல்லை என்பதுதான் எழுத்து. மாவாட்டிக் காய்த்த பஞ்சவர்ணத்தின் விரலுக்கு அது லேசில் பிடிபடவில்லை. ஒருநாள் இலையில் இட்லியை இரண்டு வரிசையாக வைத்துப் பார்த்தாள், சட்டென்று விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு இட்லி வாங்கியவர்கள் தங்களுக்குத் தெரியாமல் 'க'வைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனார்கள், மூன்று வாங்கியவர்கள் 'உ'வைக் கொண்டுபோனார்கள்.

இதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும். காம்பவுண்டில் கேட்டால் கோயிலுக்கு என்பாள். கேட்டைத் தாண்டி, பஸ் ஸ்டாப்பும் தாண்டி, யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பையிலிருந்து கோலை எடுத்து விரிப்பாள். திரும்பும்போது பூக்கடையில் குங்குமப் பொட்டலம் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுப்பாள். பஞ்சவர்ணம் மாதிரி பக்தி யாருக்கு வரும் என்று காம்பவுண்டு நெற்றியில் வைத்துக்கொள்ளும்.

ஏன் மறைத்தாள் என்றால், இட்லிக்காகத்தான். கண் தெரியாதவள் சமையலில் என்ன விழுந்து கிடக்குமோ என்று ஒரு வாய் சொன்னால் போதும், மறுநாள் அடுப்பு அணைந்துவிடும். அடுப்பு அணைந்தால் போடியிலிருந்து மகள் வந்து கூட்டிக்கொண்டு போவாள். நல்ல பிள்ளை, மூலையில் பாய் விரித்து உட்கார வைத்து, நேரத்துக்குச் சோறு போடுவாள், எதையும் தொட விட மாட்டாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு இரவல் போன உப்பு டப்பா ஒரு ரப்பர் பேண்டு குறைந்து திரும்பி வந்து, சட்னியில் சீனி விழுந்துவிட்டது. "புதுசா செஞ்சு பாத்தேன்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அப்படிப்பட்டவள், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் உப்பு டப்பாவைத் தொட்டாள். விரலுக்கு அடியில் மூன்று இட்லி நின்றது. 'உ'. அப்புறம் 'ப்'. அப்புறம் 'பு'. மூன்று தரம் தடவிப் பார்த்தாள். உப்பு என்றுதான் இருந்தது. பக்கத்து டப்பாவில் சீனி என்று இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவில், காம்பவுண்டுப் பேச்சிலேயே, 'கண்ணைத் தொட்றாத' என்று இருந்தது. அடுப்புத் திருகில் எங்கே 'சிறு தீ', எங்கே 'அணை' என்று இருந்தது. சொட்டு மருந்துக் குப்பியில் 'காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு' என்று இருந்தது. மாடிப்படிக் கைப்பிடியில் மூன்றாம் படி நேரே கை வைத்தால், 'உடைஞ்சிருக்கு, பாத்து' என்று இருந்தது. அந்தப் படியில் அவள் இரண்டு தரம் விழுந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து அவள் கை சுடவில்லை. கடுகு வெடிக்கும் சத்தத்தை வைத்துத்தான் எண்ணெய் காய்ந்ததைக் கண்டுபிடிப்பாள், இப்போது தாளிப்பே கிடையாது என்பதால் அந்தக் கவலையும் இல்லை. எல்லோரும் வேப்பிலையோடு ஒதுங்கி நடந்த அந்த வாரத்தில், பஞ்சவர்ணம் சுவரையும் கதவையும் தடவிக்கொண்டு, கேட்டால் தொட்டுக் கும்பிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, காம்பவுண்டு முழுக்கப் படித்தாள். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அவள் நன்றாகத் தூங்கினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வேலுத்தாயும் சீனிச்சாமியும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். சீனிச்சாமி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். தினமும் காலையில் குழாயடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி பேப்பர் வாசிப்பவர்.

"நாளைக்கு ஏழாம் நாளு" என்றாள் வேலுத்தாய். "தலைக்குத் தண்ணி ஊத்தணும். ஊத்துனா முத்து இறங்கிரும். மொதச் சொம்பு உங்கையால ஊத்தணும்டி."

"நானாக்கா? நீங்க இருக்கையில?"

"நானு சண்டைக்காரி, என் வாயி ஊருக்கே தெரியும். செவ்வா வெள்ளி தவறாம கோயிலுக்குப் போறது நீதான. ஆத்தா உன் பின்னாலதான் வந்துருக்கா."

சீனிச்சாமி, "ஆமா தாயி, ஒனக்குத்தான் அந்தத் தகுதி" என்றார்.

குங்குமப் பொட்டலங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து கழுத்தைப் பிடித்தன. முடியாது என்று எந்த வாயால் சொல்வாள்? அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்துச் சூடேற்றிய ஏழு அண்டாத் தண்ணீர் முற்றத்தில் வரிசையாக நின்றது. பதினோரு வீட்டு ஆட்களும் குளித்து முழுகி நின்றார்கள். வேலுத்தாய் பித்தளைச் சொம்பில் மொண்டு பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்து, கேட்டுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். பஞ்சவர்ணம் வலது கையில் சொம்பைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கேட்டைத் தொட்டாள். நேற்று வரை 'வெளிப்பக்கம் இழு' என்று இருந்த இடம் வழவழவென்று இருந்தது. விடியற்காலையில் மஞ்சள் காப்பு சாத்தியிருக்கிறார்கள்.

சொம்பைக் கவிழ்த்தால் எழுத்தெல்லாம் போய்விடும். மறுபடியும் ரப்பர் பேண்டு, சூடு, மூன்றாம் படி. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வழக்கமாக வருகிற யோசனைதான். கண்ணை மூடிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டு, "ஆத்தா தண்ணி வேணாங்கிறா" என்றாள்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வேலுத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"இங்கயே இருக்கப் போறாளா? என்ன குடுப்பினைடி நமக்கு! அப்பிடின்னா ஒண்ணு விடாம எல்லாச் சாமானுக்கும் மஞ்சக்காப்பு அப்பி, துணியால மூடி, ஒரு கை படாம காலத்துக்கும் காப்பாத்துவோம். யாராச்சும் தொட்டீங்க, கைய ஒடிச்சுருவேன்."

முருகானந்தத்தின் மனைவி அப்போதே மஞ்சள் குழைக்க ஆரம்பித்துவிட்டாள். ஊற்றினாலும் போகும், ஊற்றாவிட்டாலும் மஞ்சளுக்குள் போகும். தான் சொன்ன பொய் தன்னையே சுற்றி வளைத்துவிட்டது என்று பஞ்சவர்ணத்துக்குப் புரிந்தபோது, சொம்புத் தண்ணீர் தளும்பி அவள் கால்மேல் விழுந்தது.

"அக்கா, இது ஆத்தா இல்ல" என்றாள். "இது எழுத்துக்கா. கண்ணு தெரியாதவுக படிக்கிற எழுத்து."

"அது உனக்கெப்பிடித் தெரியும்?"

"எனக்குக் கண்ணு போயிருச்சுக்கா." சொல்லிவிட்டாள். "நான் கோயிலுக்குப் போகல. ஆஸ்பத்திரி மாடில எழுத்துப் படிக்கப் போனேன். குங்குமமெல்லாம் பூக்கடைல வாங்குனது. என்னைய மன்னிச்சுருங்க."

முருகானந்தம் டூவீலரைத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து ஹேண்டில்பாரில் வைத்து, "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்றான்.

அவள் மெதுவாகத் தடவினாள். "பிரேக்கு... பிடிக்காது."

"சர்வீசுக்கு விட்டேன்னு சொன்னீக?" என்று அவன் மனைவி மஞ்சள் கையோடு எழுந்தாள். முருகானந்தம் வண்டியை வந்த வழியே தள்ளிக்கொண்டு போனான். யாரோ சிரித்தார்கள். அவ்வளவுதான், ஆளாளுக்கு வீட்டுக்குள் ஓடி டப்பாவும் டார்ச்சும் மாத்திரை அட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலுத்தாய் தன் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். பஞ்சவர்ணம் தடவிப் பார்த்துவிட்டு ஜாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

"என்னடி போட்ருக்கு? சும்மா சொல்லு."

"'முந்துன வருசத்து ஊறுகா. யாருக்கும் குடுக்காத'ன்னு போட்ருக்குக்கா."

போன வாரம்தான் வேலுத்தாய் அதைப் புது ஊறுகாய் என்று வீட்டுக்கு ஒரு கரண்டி கொடுத்திருந்தாள். காம்பவுண்டே சிரித்தது. வேலுத்தாய் மட்டும் சிரிக்காமல், ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சவர்ணத்தின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"எம்புட்டு நாளா?"

"ரெண்டு வருசமாக்கா."

"அப்ப ரெண்டு வருசமா கண்ணு தெரியாமத்தான் எங்களுக்கு அவிச்சுப் போட்ட?"

"ஆமாக்கா."

"இட்லில கறுப்புக் கறுப்பா கெடக்குமே, அது?"

"உளுந்தந்தொலிதான்க்கா, சத்தியமா. ஒண்ணொண்ணா தடவிப் பாத்துத்தான் ஊறப் போடுவேன். அரிசிய ஏழு தண்ணி கழுவுவேன்."

வேலுத்தாய் யோசித்தாள். இரண்டு வருஷத்து இட்லியை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பவளைப் போல யோசித்தாள். பஞ்சவர்ணத்துக்கு அந்த நேரத்தில் போடிக்குப் போகிற பஸ்ஸின் சத்தமே காதில் கேட்டுவிட்டது.

"ஒரு கல்லு கெடக்கல, ஒரு முடி கெடக்கல" என்றாள் வேலுத்தாய் கடைசியில். "நானு ரெண்டு கண்ண வச்சுக்கிட்டு ஆக்குறதுல தெனம் ஒண்ணு கெடக்குது. அது கெடக்கட்டும். நாளைக்கு இட்லி உண்டா, இல்லையா? அதச் சொல்லு."

"உண்டுக்கா" என்று சொல்லும்போதே பஞ்சவர்ணத்துக்கு அழுகை வந்துவிட்டது. "உண்டு, உண்டு" என்று யாரும் மறுபடி கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏழு அண்டாத் தண்ணீர் வெயிலில் நின்றது. எழுத்துக்குத் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, ஆனால் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுச் சேர்த்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டும் வழக்கம் காம்பவுண்டில் கிடையாது. வேலுத்தாய்தான் வழி சொன்னாள். "நோவுல கெடந்தது இவதான். ரெண்டு வருசம் உள்ளுக்குள்ளயே கெடந்துருக்கா. இவளுக்கு ஊத்துங்க." பலகை போட்டு உட்கார வைத்து, பதினோரு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு சொம்பு மொண்டு, அம்மை இறங்கிய பிள்ளைக்கு ஊற்றுவதுபோல, உச்சியில் கை வைத்து ஊற்றினார்கள். அந்தத் தண்ணீர் இறங்க இறங்க, தோளிலும் வயிற்றிலும் இரண்டு வருஷமாக இறுகிக் கிடந்ததெல்லாம் இளகி வழிந்து வாய்க்காலோடு போவதைப் பஞ்சவர்ணம் உணர்ந்தாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

ஈரத்தோடு அவள் எழுந்தபோது, சீனிச்சாமி பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "தாயி, என் நாக்காலில ஏதும் போட்ருக்கா?" என்று கேட்டார்.

அவள் நாற்காலியின் கையைத் தடவினாள். அவரைவிட மெதுவான குரலில், "'பேப்பரைத் திருப்பிப் பிடி'ன்னு இருக்குண்ணே" என்றாள்.

சீனிச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். "சர்க்கர கண்ணத் தின்னுருச்சு தாயி. விடியக்காலம் ரேடியோல கேக்குறதத்தான் இங்க வந்து வாசிக்கிறேன்" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "வர்ற செவ்வாக்கெழம நானும் கோயிலுக்கு வரலாமா?" என்று கேட்டார்.

இருவரும் சேர்ந்து போனார்கள், கேட்டுக்குள்ளேயே கோலை விரித்துக்கொண்டு போனார்கள். ஜெசிந்தா டீச்சர் ஒருநாள் காம்பவுண்டுக்கு வந்து, குழாயிலிருந்து கூரைத் தூண் வரைக்கும் தடவிப் பார்த்து, படியில் மட்டும் இரண்டு எழுத்துப்பிழை இருக்கிறது என்று சொல்லிச் சிரித்து, ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனாள். முத்துகள் சித்திரையிலும் ஆடியிலும் இருந்தன, புரட்டாசியில் மங்கத் தொடங்கின, ஐப்பசி மழையில் ஒவ்வொன்றாக இறங்கின. யாரும் பதறவில்லை. அதற்குள் பதினோரு வீட்டு உப்பு டப்பாவிலும் இரண்டு ரப்பர் பேண்டு ஏறியிருந்தது, அடுப்புகளில் புளியங்கொட்டை ஒட்டியிருந்தது, மூன்றாம் படியைப் பூசி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள், நடைபாதையில் வாளி வைப்பவர்களை வேலுத்தாய் கிழித்துத் தொங்கவிட்டாள், யார் எங்கே வந்து நின்றாலும், "முருகானந்தம் வந்துருக்கேன்", "வேலுத்தாய் நிக்கிறேன்" என்று பெயரைச் சொல்லும் பழக்கமும் வந்துவிட்டது.

ஏழாம் வீட்டுக் கதவின் வெளிப்பக்கம் மட்டும் பாக்கி. அந்த முதல் வெள்ளிக்கிழமையே, பக்திக்காரி வீடு என்று, வேறு எந்தக் கதவுக்கும் முன்னால் அதற்குத்தான் வேலுத்தாய் கனமாக மஞ்சள் அப்பியிருந்தாள். பிறகும் பார்க்க லட்சணமாக இருக்கிறது என்று வாராவாரம் மேலே பூசிக்கொண்டே வந்தாள். ஐப்பசி அடைமழை அதைக் கரைத்தது. ஒருநாள் காலை, முதல் ஈட்டுக்குக் காத்து நின்ற சீனிச்சாமி, தூறலுக்கு ஒதுங்கிக் கதவில் கை ஊன்றியவர், அப்படியே நின்றுவிட்டார். இப்போது அவருக்கும் எழுத்து பிடிபட்டிருந்தது. பேப்பர் வாசிக்கிற அதே குரலில், குழாயடி வரைக்கும் கேட்கும்படி, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இ... ட்... லி. உ... ண்... டு. இட்லி உண்டு."

பஞ்சவர்ணம் கரண்டியோடு நின்றாள். அவள் மறைத்து மறைத்துப் படித்துக்கொண்டிருந்த அந்த ஏழு நாளும், சொம்போடு கேட்டுக்கு முன்னால் நின்ற அந்தக் காலையிலும், அவளுடைய சொந்தக் கதவு தெருவைப் பார்த்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"அதான் தெரியுமே, வேலுத்தாய் நிக்கிறேன், எனக்கு நாலு வையி" என்று குழாயடியிலிருந்து குரல் வந்தது. பஞ்சவர்ணம் தட்டின் ஓரத்தை விரலால் அளந்து, இலையை விரித்து, நாலு இட்லியை எடுத்து வைத்தாள்.